மண்டாடியின் துவாய்

தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் வீடியோ கேம் விளையாடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். வீடியோ கேம் பார்க்கத் தெரிந்தவர் ஒரேயொருவர்தான். நாங்களெல்லாம் கண்ணால் பார்த்தோம். அவர் தோளால், முழங்காலால், மூச்சால், முக்கியமாகத் தோளில் கிடந்த துவாயால் பார்த்தார்.

அவருடைய பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மண்டாடி என்றுதான் சொல்லுவோம். கொக்கிளாய்க் கடற்கரைப் பக்கத்து ஆள். அங்கே கரைவலை இழுக்கும்போது ஊரே இரண்டு பக்கமும் கயிறு வலிக்க, ஒருவர் மட்டும் கயிற்றைத் தொடாமல் கரையில் நிற்பார். மீன் போகிற போக்கைப் பார்த்து, 'இந்தப் பக்கம் இறுக்கு, அந்தப் பக்கம் விடு' என்று துணியை அசைத்துக் காட்டுவார். அப்படி நிற்பவர்தான் மண்டாடி; இவரும் அங்கே அந்த வேலைதான் பார்த்தவர். ஊரை விட்டு வெளிக்கிட்டு, எத்தனையோ இடம் அலைந்து, கடைசியில் கடலே இல்லாத வவுனியாவுக்கு வந்து சேர்ந்தவருக்குக் கிடைத்த உத்தியோகம், பஸ் நிலையத்தடியில் சைக்கிள் பார்க் காவல். அதுவும் பார்க்கிற வேலைதான். ஆனால் பூட்டிய சைக்கிள்கள் அசைவதில்லையே. மீன் பார்த்த கண்ணுக்கு அது காணுமா?

சைக்கிள் பார்க்குக்கு அடுத்த தகரக் கொட்டில்தான் சிவம் அண்ணையின் ரீவி கேம் கடை. உள்ளே ஒரு ரீவி, ஒரு கேம் செற், உட்கார ஒரு வாங்கு, நேரம் முடிந்ததும் ஊரைக் கூட்டுகிற ஒரு மணிக்கூடு. கசெற்றும் ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்தது. அதில் தொப்பி போட்ட சின்ன மனிதன் ஒருவன், புகைபோக்கியில் புகை வருகிற ஒரு குட்டி வீட்டு வாசலில் நிற்பான். விளையாடத் தொடங்கினால் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பான். காடு, குகை, ஆறு, கடல், பனி எல்லாம் தாண்டிக் கடைசியில் ஒரு கோபுரம். கோபுரத்தின் உச்சியை எங்கள் கடையில் ஒருவரும் கண்டதில்லை. கசெற்றைத் தந்த கொழும்புக் கடைக்காரனும் கண்டிருக்கமாட்டான் என்று சிவம் அண்ணை சொல்லுவார்.

நான் அப்போது ஏ. எல். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள். மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். "டவுணுக்குப் போயி என்னா படிச்ச, சொல்லு?" என்று அம்மா ஒவ்வொரு கிழமையும் கேட்பார். இரசாயனம், பௌதிகம் என்று சொல்லுவேன். சிவம் அண்ணையின் கடையும் ஒரு பாடம்தான் என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அங்கே நான் ஒருநாளும் விளையாடியதில்லை. கிளாஸ் முடிந்து பஸ் வரும்வரை பின்சுவரோடு ஒட்டி நின்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

மண்டாடி கடைக்குள் முதன்முதலாக நுழைந்தது, "பட்டரியைக் கொஞ்சம் தாங்கோ, ரோச்சுக்குப் போட" என்று கேட்கத்தான். அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரன் கடலில் இருந்தான். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மீன் பாய்ந்து அவனைத் தட்ட, அவன் மல்லாந்து விழுந்து செத்தான்.

மண்டாடி பட்டரியை மறந்துபோனார்.

"எடேய், உதென்ன அநியாயம்? மீன் மனிசனைக் கொல்லுறதோ?"

"கேம் அப்பிடித்தான் அண்ணை."

"ஆரடா உதைச் செய்தவன்? கடல் கண்டவனோ? திரும்ப விடு பாப்பம்!"

திரும்ப விட்டார்கள். திரும்பவும் மீன் கொன்றது. மண்டாடி தோளிலிருந்த துவாயை உருவி எடுத்து, ரீவிக்குப் பக்கத்தில், விளையாடுகிறவனின் கண்ணுக்கு நேராகப் போய் நின்றார். அன்று தொடங்கியது.

அதன்பிறகு அந்தக் கொட்டிலில் சிவம் அண்ணையின் சட்டம் செல்லவில்லை. கரைவலைச் சட்டம்தான் செல்லுபடியானது. கயிற்றைக் கடக்கக்கூடாது என்பது முதற்சட்டம். கயிறு என்பது செற்றிலிருந்து ஜோய்ஸ்ரிக்குக்கு வருகிற வயர். தெரியாத்தனமாக யாராவது அதைத் தாண்டிவிட்டால், "மீனெல்லாம் போச்சு! திரும்பித் தாண்டிப் போ! போன வழியால போ!" என்று கத்துவார். இரண்டாவது, செருப்புக் கழற்றவேண்டும். மூன்றாவது, விசிலடிக்கக்கூடாது, காற்று வந்துவிடும். தகரக் கொட்டிலுக்குள் காற்று வந்தால் நல்லதுதானே என்று கேட்ட ஒருவனை அவர் இரண்டு நாள் உள்ளே விடவில்லை.

நான்காவது சட்டம்தான் சிவம் அண்ணையைப் பைத்தியமாக்கியது. வலை கரையேற முதல் 'எவ்வளவு மீன் பட்டிருக்கு' என்று கேட்கக்கூடாதாம். ரீவியின் மூலையில் தொப்பிக்காரனுக்கு இன்னும் எத்தனை உயிர் மிச்சம் என்று காட்டுகிற இலக்கம் ஒன்று இருந்தது. ஒருநாள் மண்டாடி பாமசியில் வாங்கின பிளாஸ்ரர்த் துண்டொன்றை அதன் மேல் ஒட்டிவிட்டார்.

"அண்ணை, ரீவிக்குக் காயமே பட்டது?" சிவம் அண்ணை ரீவியைத் தடவிப் பார்த்தார்.

"எத்தினை உயிர் கிடக்கு எண்டு எண்ணிக்கொண்டு ஒருத்தன் நடப்பானோ சிவம்? நடக்க வேணுமெண்டால் நடக்க வேண்டியதுதான்."

பிளாஸ்ரர் அங்கேயே நின்றது. ஊத்தையானால் புதியது மாற்றுவார்.

சரி, அவருடைய துவாய் காட்டின வழியில் போய் வென்றோமா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. உண்மையைச் சொன்னால், தொப்பிக்காரனை மீன் கொன்றதை விடத் துவாய் கொன்றதே அதிகம். "பாய்! பாய்!" என்பார், பாய்ந்தால் பள்ளம். "பொறு, பொறு, அலை அடங்கட்டும்" என்பார். அந்தக் கடலில் அலையே கிடையாது, பொறுத்தவனைக் கொக்கொன்று கொத்திக்கொண்டு போகும். ஆனாலும் அவர் தளர்ந்ததில்லை. செத்தவனுக்காகச் சிலுவைக் குறி போட்டு, "வேதக்காரனோ சைவமோ தெரியாது, எண்டாலும் கிடக்கட்டும்" என்பார். பிறகு துவாயை உதறுவார்.

பொறுக்க முடியாமல் சிவம் அண்ணை ஒருநாள் வாசலில் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: 'பார்ப்பவர்கள் உள்ளே வரக்கூடாது.' மண்டாடி மானஸ்தன். அந்தப் பக்கமே திரும்பவில்லை. கடை அமைதியாகியது. அமைதியென்றால் செத்த வீட்டு அமைதி. பொடியள் விளையாடினார்கள், செத்தார்கள், எழும்பிப் போனார்கள். முன்பெல்லாம் செத்தால் நாலு பேர் சண்டை பிடிப்போம், சிரிப்போம், யார் பிழை என்று வழக்கு வைப்போம். இப்போது தன்பாட்டில் செத்து என்ன சுகம்? ஒரு கிழமையில் வாங்கு காலியாகத் தொடங்கியது. சிவம் அண்ணை மட்டையைக் கழற்றிக்கொண்டு சைக்கிள் பார்க்குக்கே போனார்.

"வாங்கோ அண்ணை. நீங்கள் இல்லாமல் ஒருத்தனும் சந்தோசமாத் தோக்கிறான் இல்லை."

மண்டாடி உடனே வரவில்லை. ஒரு சைக்கிளை நிமிர்த்தி வைத்தார். இன்னொன்றின் மணியை அடித்துப் பார்த்தார். "துவாய் தோய்ச்சுக் காயுது. காயட்டும், வாறன்" என்றார்.

என்னோடு அவருக்கு வேறொரு கணக்கு. படித்தவன் என்பதால் திரையில் எழுத்து வந்தால் நான்தான் வாசித்துச் சொல்லவேண்டும்.

"தம்பி, என்ன எழுதிக்கிடக்கு?"

"ஆட்டம் முடிஞ்சுது எண்டு கிடக்கு அண்ணை."

"எங்கை முடிஞ்சது? இடையில செத்தெல்லோ போனான். முடிஞ்சது எண்டு எழுதினவனுக்கு விசரோ?"

பிறகு அவர் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். அதை மட்டும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்பார்.

"இவன் வெளிக்கிட்ட வீட்டுக்குத் திரும்பிப் போறானோ, இல்லையோ?"

பின்னுக்குப் போகமுடியாது என்று எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருந்தோம். தொப்பிக்காரன் நடக்க நடக்க, விட்டு வந்த பக்கம் மூடிக்கொண்டே வரும். திரும்பினால் சுவரில் முட்டினமாதிரி முட்டிக்கொண்டு நிற்பான்.

"அது தெரியும். கோபுரத்தில ஏறின பிறகு?"

"ராசகுமாரி இருப்பாள்" என்றான் ஒருவன். "தங்கப் பெட்டி" என்றான் இன்னொருவன்.

"உவனுக்கு ஏன் ராசகுமாரி? வீட்டில அடுப்பு எரியுது. புகை வருகுதெல்லோ. ஆரோ பாத்துக்கொண்டிருக்கினம்."



அந்தச் சமயத்தில்தான் சிவம் அண்ணை கொமியூனிகேசன் திறக்கப் போகிறார் என்ற செய்தி வந்தது. ஊருக்குள் சனம் கூடக்கூட, வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க ரெலிபோன் கடைதான் நல்ல யாவாரம். வருகிற சனிக்கிழமையோடு செற் கொழும்புக்குத் திரும்பிப் போகிறது. மண்டாடி எங்கள் கடையின் சிறந்த ஆட்டக்காரனான ரவியிடம் மட்டும் போய், "தம்பி, சனிக்கிழமை உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு நாள் வைக்கிறமாதிரிக் கேட்டார்.

ரவிக்குச் சனிக்கிழமை இரசாயன கிளாஸ். படிப்பிக்கிற மாஸ்ரர் வேறு யாருமில்லை, அவனைப் பெற்ற தகப்பனே. இருந்தும் ரவி வந்தான். நானும் என் பங்குக்கு அதே கிளாஸை விட்டுவிட்டு வந்தேன்.

அன்று சைக்கிள் பார்க்கில் காவலில்லை. காவலாளியும் சைக்கிள் விட்டவர்களும் எங்கள் கொட்டிலுக்குள் நின்றார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மணிக்கூட்டைச் சிவம் அண்ணை தானாகவே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். ரவி காட்டைக் கடந்தான். குகை. ஆறு. கடலில் மீன் பாய்ந்தபோது மண்டாடியின் துவாய் மேலே போக, ரவி துவாய்க்கு எதிர்மாறாகக் கீழே குனிந்து தப்பினான். அதுதான் அவனுடைய கெட்டித்தனம். பனி தாண்டி, கோபுரத்துக்குள் ஏறி, உச்சிக்கு இன்னும் சில படிகள் இருக்கும்போது வாசலில் ஒரு குடை தெரிந்தது.

மாஸ்ரர்.

"டேய் ரவி!"

அவர் ஓரடி எடுத்து வைத்தார். "மாஸ்ரர், கயிறு! கயிறு!" என்று மண்டாடி போட்ட சத்தத்தில் மாஸ்ரர் தூக்கிய காலை அந்தரத்தில் நிறுத்தினார். "செருப்பு!" என்றார் மண்டாடி. மாஸ்ரர் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வயரைச் சுற்றிப் பக்குவமாக வந்து, மகனின் காதைப் பிடித்துத் தூக்கினார். எங்கள் நம்பிக்கையெல்லாம் காதோடு மேலெழும்பியது. ஜோய்ஸ்ரிக் வாங்கில் விழுந்தது.

"மண்டாடியண்ணை, பிடியுங்கோ!" என்று கத்தினோம். அவர்தான் கிட்ட நின்றார். கை நீட்டினால் எட்டும்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "மண்டாடி கயிற்றில கை வைக்கப்படாது" என்றார். முகம் வியர்த்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ பிடி."

"எனக்கு விளையாடத் தெரியாதண்ணை!"

"உவ்வளவு நாளும் என்னத்தைப் பாத்தனி? பிடி!"

பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.  பிளாஸ்ரருக்குக் கீழே எத்தனை உயிர் இருந்ததோ, தெரியாது. ஒருவரும் கேட்கவுமில்லை. "இடக்கை விசையை அமத்து" என்று காதோடு தொங்கியபடி ரவி கத்தினான். "பொறு" என்றது துவாய். "போ போ" என்றார்கள் சைக்கிள்காரர்கள். "உந்த நெருப்புக்கு முன்னம் பாயும், தம்பி!" என்று ஒரு புதுக்குரல் கேட்டது. பார்த்தால் மாஸ்ரர். மகனின் காதையும் விடவில்லை, வாசலை நோக்கியும் போகவில்லை. நான் பாய்ந்தேன். யார் சொல்லி எதற்குப் பாய்ந்தேன் என்று இன்றுவரை தெரியாது. தொப்பிக்காரன் உச்சியில் போய் நின்றான்.

தகரம் பறக்கிறமாதிரிச் சத்தம். திரையில் வாணவேடிக்கை, பிறகு எழுத்துகள்.

"வாசி தம்பி, கெதியா!"

"அண்ணை, இது இங்கிலீசு இல்லை. எனக்கு விளங்கேல்லை."

"என்னத்தைப் படிச்சியோ!"

எழுத்துகள் போயின. திரை கறுப்பானது. பிறகு, வழக்கம்போல, கசெற் முதலிலிருந்து தொடங்குவதற்காக அந்தக் குட்டி வீடு வந்தது. புகை. வாசலில் தொப்பிக்காரன்.

"வந்திட்டான்" என்றார் மண்டாடி.

கூட்டத்தில் ஒருவன், "அண்ணை, அது செத்தாலும் இஞ்சைதானே வரும்" என்று தொடங்கினான்.

"செத்து வாறதும் நடந்து வாறதும் ஒண்டோடா?" என்றார். கோபமில்லை. துவாயால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

எங்களுக்கு ஒரு விசயம் தெரியும். யாரும் விசையை அமத்தாமல் விட்டால், கொஞ்ச நேரத்தில் தொப்பிக்காரன் தன்பாட்டில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு நடக்கத் தொடங்குவான். கசெற்றின் குணம் அது. வாங்கிலிருந்தவர்கள் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார்கள். மாஸ்ரர்கூட ரவியின் காதை விட்டுவிட்டார். அப்போது பின்னாலிருந்து சிவம் அண்ணை, வயரைத் தாண்டாமல் சுற்றி வந்து, பிளக்கைப் பிடித்து இழுத்தார்.

"நேரம் முடிஞ்சுது" என்றார். கவிழ்ந்து கிடந்த மணிக்கூட்டை அவர் பார்க்கவேயில்லை.

மாஸ்ரர் எங்கள் இருவரையும் திங்கட்கிழமை கிளாஸில் எழுப்பி நிற்க வைத்தார். ஆனால் இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கோபுரத்தில நீர் இடப்பக்கம் பாய்ஞ்சீரோ, வலப்பக்கமோ?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன்.

அதற்குப்பிறகு ரெலிபோன் கூண்டுகள் வந்தன. மண்டாடி அங்கே வருகிறவர்களின் செருப்பைக் கழற்ற வைத்ததாகவும், வெளிநாட்டு அழைப்புக் கிடைக்காதவர்களுக்குத் துவாய் காட்டியதாகவும் கதை. நான் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டேன்.

இப்போதும் எங்கேயாவது பொடியள் கூடி நின்று கேம் விளையாடுவதைக் கண்டால் நின்று பார்க்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வயரைத் தாண்டாமல், ரீவிக்குப் பக்கத்தில் ஓராள் நின்று துவாய் வீசுகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்கிறேன்.