இன்னும் ஒரே ஒரு படம்

லென்ஸில் ஈரம் படிந்துவிட்டது. மேடையில் நின்ற மணப்பெண் பாலில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்துத் தெரிந்தாள்.

படக்காரர் தன் புதுச் சட்டையின் நுனியால் துடைத்தார். சட்டையே நனைந்திருந்தது. வெறும் வெள்ளையாக இருந்த பெண் இப்போது கோடு கோடாகவும் ஆனாள்.

"ஆச்சுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஒரே நிமிஷம். இன்னும் ஒரே ஒரு படம்."

வெளியே மழை கொட்டித் தீர்த்தது. படக்காரர் பெண்ணின் அறைக்கு ஓடி, முடி காயவைக்கும் மெஷினை எடுத்துவந்து, மேடைக்குப் பின்னாலிருந்த பிளக்கில் சொருகினார். டப்பென்று ஒரு சத்தம். மண்டபம் முழுக்க இருட்டு.

"எவன்யா அதுல கை வெச்சது?" எங்கிருந்தோ எலக்ட்ரீஷியன் கத்தினார்.

படக்காரர் மெஷினைக் காலால் திரைக்குப் பின்னே தள்ளிவிட்டார். "எல்லாரும் வாசலுக்கு வாங்க! பின்னாடி மழை தெரிஞ்சா படம் பிரமாதமா இருக்கும்!"

கூட்டம் முணுமுணுத்தபடி நகர்ந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்த அதிகாரியும் பேனாவும் கையுமாகப் பின்னால் வந்தார்.

வாசலில் கட்டியிருந்த தார்ப்பாயின் நடுவே தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டுத் தொங்கியது. அது படத்தில் விழுமே! கேமரா ஸ்டாண்டால் கீழிருந்து லேசாக ஒரு தள்ளு தள்ளினார். லேசாகத்தான்.

மொத்தத் தண்ணீரும் மணப்பெண்ணின் தலையில் இறங்கியது. பக்கத்தில் நின்ற அத்தைக்கும் பங்கு கிடைத்தது.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து சீவின தலைடி இது!" என்று அத்தை அலறினாள்.

பெண் அலறவில்லை. கன்னமெல்லாம் கண்மை வழிய படக்காரரையே பார்த்தாள்.

"இன்னும் ஒரே ஒரு படமா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அதே தொழில் செய்யும் நண்பன் அந்தக் கூட்டத்தில் விருந்தாளியாக நின்றுகொண்டிருந்தான். "இந்த ஒரு கல்யாணத்தையாவது என்கிட்ட விடுடா" என்று எவ்வளவு கெஞ்சினான்! "உனக்கு மழையில எடுக்க வராது" என்று அவன் வாயை அடைத்தது யார்? எத்தனையோ பேருடைய நல்ல நாளைப் பத்திரமாகப் பிடித்துக் கொடுத்த கை இது. இவளுடைய நாளை மட்டும் கோட்டைவிட்டது. படம் என்றால் மறுபடி எடுக்கலாம். இந்தக் காலைப்பொழுதை எங்கே போய் எடுப்பது?

"தப்பு என்னோடதுதான்" என்றார். சொல்லிக்கொண்டே, பழக்க தோஷத்தில், கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார்.

பதிவு அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, பொண்ணு கையெழுத்துப் போட்டு எவ்வளவு நேரமாச்சு! அந்தக் கேமராவை யார்கிட்டயாவது குடுத்துட்டு வந்து நீங்களும் போடுங்க. மாப்பிள்ளை நீங்கதானே?"