முப்பத்தைந்து ஓம் வெந்நீர்

கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஆம்பியர் அண்ணன் அளந்து பார்க்காதது இரண்டே இரண்டுதான். ஒன்று எங்கள் தெரு மாரியம்மன். இன்னொன்று அவர் மனைவி சரசக்கா. அம்மனிடம் பக்தி, அக்காவிடம் பயம். மற்றபடி எங்கேயாவது ஒரு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், நண்டுக்கொடுக்கு மாதிரி வாய் பிளக்கும் கரண்ட் மீட்டரை இடுப்பிலிருந்து உருவிக் கவ்வ வைத்துவிடுவார்.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும், நாங்கள் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் மீட்டர் போர்டுக்குப் போவார். ஒரு துக்க வீட்டில் ஐஸ் பெட்டியின் ஒயரைக் கவ்வ வைத்துவிட்டு, "நாலு ஆம்பியர் இழுக்குதுங்க. பெரியவரு உசுரோட இருக்கறப்பக்கூட இத்தன இழுத்ததில்ல" என்றார். அழுதுகொண்டிருந்த மருமகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எங்கள் தெரு கரண்ட் லைனின் கடைக்கோடி. பொழுது சாய்ந்தால் டியூப் லைட் கண்ணடிக்கும். ஃபேன் றெக்கையை எண்ணிவிடலாம். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பழனாத்தா வெந்நீர் ராடும் கையுமாகத் தெருவில் நின்று கடைக்காரனை வைதுகொண்டிருந்தாள்.

"ஆயிரத்தி ஐந்நூறு வாட்டுன்னு எழுதி ஏமாத்திப்போட்டானுங்க! தண்ணி சுடவே மாட்டேங்குது."

அண்ணன் ராடை வாளியில் போட்டு, மீட்டரை மாட்டி, கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "நூத்தி நாப்பது வோல்ட்டு, நாலு ஆம்பியர். பெருக்குனா ஐந்நூத்தி அறுவது வாட்டு. பாதிகூட வரல. வகுத்தா முப்பத்தஞ்சு ஓம். ராடு மேல குத்தமில்லீங்க. வோல்ட்டு எறங்கும், வாட்டு எறங்கும், இந்த முப்பத்தஞ்சு மட்டும் அப்படியே நிக்கும். அது ராடோட குணம்."

"குணத்த வெச்சு நான் குளிக்கறதுங்களா? வெந்நி வேணுமுங்க!"

இப்படியே தெரு முழுக்கப் பாடம் நடந்தது. எட்டாவதோடு நின்றவன் நான். எனக்கே திருநீறு பூசும்போது 'வகுத்தா ஓம், பெருக்குனா வாட்டு' என்று வாயில் வர ஆரம்பித்துவிட்டது. அம்மன் மன்னிப்பாள்.

அந்த வருஷ மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் ஒருநாள் சாயங்காலப் பூஜை முதல்முறையாக எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது. மகளுக்குப் பிரசவம் ரொம்பச் சிரமப்பட்டு, தாயும் பிள்ளையுமாய்ப் பிழைத்து வந்திருந்தார்கள். மேளம் முழங்க அம்மனுக்குத் தீபாராதனை காட்டுவதாக என் மனைவி வேண்டியிருந்தாள். அன்றைக்கென்று மேளக்காரர்கள் வந்த வண்டி வாளையாறு செக்போஸ்ட்டில் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டது. மிச்சம் இருந்தது, கரண்டில் தானே மேளமும் மணியும் அடிக்கும் கோயிலின் மோட்டார் மேளம். சுவிட்சைப் போட்டோம். குச்சி பாதி தூக்கி, யோசித்து, படுத்துவிட்டது. மணி 'டிங்' என்றது. அடுத்த 'டிங்' வரவேயில்லை.

"இன்னிக்கு மேளம் இல்லைன்னா அம்மன் முகத்துல எப்படிங்க முழிப்பேன்?" என் மனைவி கண் கலங்கிவிட்டாள்.

சீரியல் பல்புக்காகக் காலையிலிருந்து ஏணி மேலேயே நின்ற ஆம்பியர் அண்ணன் கீழே குதித்தார். "நூத்தி அம்பது வோல்ட்டு! தெருவே சேந்து உறிஞ்சுது. வாங்கடா!"

கிளம்பினார். பின்னால் நாங்கள். பூசாரியும் அணையாத கற்பூரத் தட்டோடு கொஞ்ச தூரம் வந்துவிட்டுத் திரும்பினார்.

முதல் வீட்டில் டிவி. "அண்ணா, இன்னிக்குத்தான் அவ மாமியாள அறையப் போறா!"

"நாளைக்கு அறையட்டும். ஆப் பண்ணுங்க."

அடுத்த வீட்டு ராசு கவுண்டர், "நம்மூட்ல எல்லாம் ஆப்புங்க" என்று வாசலை மறித்து நின்றார். வெளிச்சுவரில் இருந்த மீட்டர் போர்டை அண்ணன் கவ்வ வைத்தார். "ஆறு ஆம்பியர் ஓடுது. உள்ள என்ன, ஏசிங்களா?" பங்காளிகளுக்குத் தெரியாமல் ஏசி வாங்கி வைத்திருந்தார் கவுண்டர். பங்காளிகள் எல்லாம் எங்கள் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

கிரைண்டர் நின்றது, இஸ்திரிப்பெட்டி நின்றது, வோல்டேஜ் ஏறியது. ஆனாலும் மேளக்குச்சி எழவில்லை. "இன்னும் ஒரு ஊடு இழுக்குதே! எவன்டா அவன்?" என்று கர்ஜித்தபடி கடைசி வீட்டு மீட்டர் போர்டில் மாட்டினார். "நூத்தி எழுவத்தஞ்சு வோல்ட்டு, அஞ்சு ஆம்பியர்..."

தெருவே ஒரே குரலில் வகுத்தது. "முப்பத்தஞ்சு ஓம்! ராடு! ராடு!"

அப்போதுதான் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அது அவர் வீடு.

சரசக்கா இடுப்பில் கைவைத்து வாசலுக்கு வந்தாள். "ஏனுங், காலைலருந்து ஏணி மேலயே நின்னீங்க. முட்டி வலிக்குமேன்னு வெந்நி வெச்சேன். அதுக்கு இத்தன கூட்டமா?"

ஆம்பியர் அண்ணன் மீட்டரைக் கழற்றி இடுப்பில் சொருகினார். காது வரைக்கும் சிவந்துவிட்டார். "ஆப் பண்ணு சரசு" என்றார்.

"தண்ணி ஆறிப் போயிருமுங்க."

"ஆறட்டும்."

அக்கா உள்ளே போனாள். சுவிட்ச் சத்தம் கேட்டதோ இல்லையோ, கோயிலில் 'டம டம டம' என்று மேளம் எழுந்தது. ஓடினோம். அம்மன் முகத்தில் தீபம் ஏற, பேரன் திடுக்கிட்டு விழித்து வீலென்று கத்த, என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். பூஜை முடிந்ததும் விறகடுப்பில் ஒரு குடம் வெந்நீர் காய்ச்சி, பிரசாதத்தோடு அண்ணன் வீட்டுக்கு அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

இப்போது அண்ணனும் அக்காவும் மாட்டுப்பட்டிப் பக்கம் மலைமேல் மகன் வீட்டில், குளிரில் இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. ஆனாலும் சாயங்கால மேளத்துக்குத் தெருவில் எல்லோரும் ராடை நிறுத்திவிடுகிறோம். போன வாரம் போனில் அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"வோல்டேஜ் எத்தன காட்டுது?"

"இருநூத்தி முப்பதுங்கண்ணா."

"அப்புறம் எதுக்கு நிறுத்தறீங்க?"

"திடீர்னு நீங்க வந்து நின்னுட்டீங்கன்னா?" என்றேன்.

அந்தப் பக்கம், "சரசு, என் மீட்டரு எங்க?" என்று அண்ணன் கேட்பது காதில் விழுந்தது.