கணித கௌரவச் சங்கமும் எரியாத மெழுகுவர்த்தியும்

சேருகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எந்தக் குழுப் படத்திலும் முன்வரிசையில் மூச்சைப் பிடித்து நிற்பது இவர்கள்தான். எதில் சேர்கிறோம், எதற்குச் சேர்கிறோம் என்றெல்லாம் கேட்கக் கூடாது. மீன் ஏன் நீந்துகிறது என்று யாராவது கேட்கிறார்களா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோளக்காட்டின் நடுவிலிருக்கும் சின்னக் கல்லூரியில் படிக்கும் வெண்டெல் ப்ரூக்கர் இவ்வினத்தின் உயர்ரக உதாரணம். அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும், நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கென்று ஒரு கௌரவச் சங்கம் உண்டு; பட்டமளிப்பு அன்று கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள அது தன் உறுப்பினருக்கு ஒரு வண்ணக் கயிறு தரும். ஸ்பானிய மொழிச் சங்கக் கயிறு அவனிடம் உண்டு. அம்மொழியில் அவனுக்குக் கடையில் டாக்கோ ரொட்டி வாங்க மட்டும் தெரியும். உளவியல், வரலாறு, நாடகம் எல்லாம் உண்டு. கழுத்து அலங்காரத்தில் பொங்கல் மாடு தோற்றது. ஆனால் கணிதச் சங்கத்தின் ரோஜா நிறக் கயிறு மட்டும் இல்லை. அதற்காக இரண்டு வருடம் கால்குலஸோடு மல்லுக்கட்டி, மதிப்பெண்ணைத் தேற்றி, ஒரு வழியாகச் சேர்ப்பு விழா வரை வந்துவிட்டான். அவன் அம்மா லொரெய்ன் பண்ணையிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து, முதல் நாற்காலியில் போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சங்க விதி எளியது. ஒருவர் மெழுகுவர்த்தியிலிருந்து அடுத்தவர் ஏற்ற வேண்டும். யார் மெழுகுவர்த்தி எரிகிறதோ அவர் உறுப்பினர்.

விளக்கு அணைந்தது. பேராசிரியர் ஓடெகார்ட் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார். சங்கத் தலைவி நோரா ஷிமெக் அதிலிருந்து இரண்டாவதை ஏற்றினாள். மூன்றாவது வெண்டெல். மெழுகுவர்த்தியையும் கழுத்தையும் நீட்டி, படத்துக்கு ஏற்ற புன்னகையோடு நின்றான்.

"மத்ததெல்லாம் இதே மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் விளக்கைப் போட்டார். "பீட்சா ஆறுது, வாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். கணிதக்காரர்களின் வழக்கம் அது: முதலாவது சரி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகவும் வழி உண்டு என்று காட்டிவிட்டால், கடைசிவரை எல்லாம் சரி என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"ஏண்டா, உன் வத்தி எரியவே இல்லையே?" என்றாள் லொரெய்ன்.

"புரொபசர், நான் மெம்பரா இல்லையா?" என்றான் வெண்டெல்.

"அதான் நிரூபிச்சாச்சே!"

"எரியலையே சார்!"

"எரியும்கிறதுல சந்தேகம் இருக்கா?"

வெண்டெலுக்குச் சந்தேகம் இல்லை. நெருப்புத்தான் இல்லை. லொரெய்ன் கைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துப் பற்றவைத்தாள். "அது செல்லாதும்மா" என்றார் பேராசிரியர், வாயில் பாலாடைக்கட்டி இழுபட. "முந்தின மெழுகுவர்த்தியிலேருந்துதான் வரணும்."

முந்தினதை நோரா ஊதி அணைத்திருந்தாள். அதற்கும் முந்தினதைப் பேராசிரியர்.

"அப்ப மொதல்லேருந்து ஆரம்பிங்க. நான் இவ்ளோ தூரம் வந்தது என் பையன் எரியாம நிக்கிறதைப் பாக்கவா?" என்றாள் லொரெய்ன்.

"இவ்ளோ தெளிவான விஷயத்தை யாராவது செஞ்சு பாப்பாங்களாடா?" என்று நோரா பல்லைக் கடித்தாள். ஆனாலும் தாயின் முகத்துக்காகப் பீட்சா பெட்டிகள் மூடப்பட்டன, விளக்கு அணைந்தது, ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று வந்து, கடைசியில் வெண்டெலின் திரி பிடித்துக்கொண்டது. படம் எடுத்தாள் அம்மா. கயிறு கழுத்தில் விழுந்தது. அவன் கண் கலங்கியது, புகையாகவும் இருக்கலாம்.

"வர்ற புதன்கிழமை நம்ம சங்கத்துல கணக்குப் போட்டி" என்றாள் நோரா, ஆறிப்போன பீட்சாவைக் கடித்தபடி. "வந்துடுவேல்ல?"

வெண்டெல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"போட்டிக்கா? நான் சேரத்தானே வந்தேன்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்கு முன் உங்கள் பர்ஸைத் திறந்து, ஜனவரி மாதம் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கினீர்களே உடற்பயிற்சிக்கூட அட்டை, அதில் ஒரு பொட்டு வியர்வையாவது பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.