நீலக்கதவு பெயர்த்த படலம்

வாழ்க, உளியேந்திய வீரரே! ஒட்டுப்பலகையை மாளிகையாக்கியவரே, கண்ணாலேயே மூலைமட்டம் பார்ப்பவரே, சின்னஞ்சிறு நாடகக் குழுவின் எழுவரும் ‘ஆணி அண்ணன்’ என்று அன்போடு அழைக்கும் தச்சரே! அறுபது நாற்காலிகளும் நிறைந்த முதற்காட்சி மாலையில் ஒரு கதவோடு நீர் ஆடிய பெரும்போரைச் சொல்ல எமக்கு மூச்சு போதுவதாக!

பகலில் பல் பிடுங்கி மாலையில் நாடகம் இயக்கும் அம்மையார் தாமே எழுதிய ஜாஸ் நாடகம் அது. கோபித்துக்கொண்டு போன பாடகி, பல்லாண்டு கழித்துத் தன் பழைய இசைக்கூடத்தின் கதவைத் திறந்து வர வேண்டும். அதுவரை மேடையில் சாக்ஸபோன் தனியே புலம்ப வேண்டும். கதவுக்கு முதலில் பச்சை என்றார் அம்மையார். பிறகு சிவப்பு என்றார். அன்று காலை, “அண்ணா, நீலம்தான்னு மனசு சொல்லுது” என்றார். மூன்று பூச்சுகளையும் பொறுமையாகத் தாங்கிய கதவு, காயாத ஈரத்தோடு நிலையை இறுகக் கட்டிக்கொண்டது.

சாக்ஸபோன் ஊதியவரோ தச்சரின் மனைவிக்குத் தம்பி. “இதுக்குத் தலையும் இல்ல, வாலும் இல்ல. எப்பத்தான்யா முடியும்?” என்று ஒத்திகையில் தச்சர் உதிர்த்த ஒரு பேச்சால் இருவருக்கும் ஆறு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நேரம் வந்தது. பாடகி வேடத்தில் நின்ற தபால் நிலையத்துப் பெண் கதவில் கை வைத்தாள். கதவு அசையவில்லை.

“அண்ணா, திறக்கல!”

“தள்ளும்மா.”

“தள்ளிட்டேன்ணா!”

அதுகேட்ட வீரர், கோட்டைவாயிலில் மோதும் களிறெனத் தோளால் மோதித் தோள் நோக, பாயும் வேங்கையென முழங்காலால் பாய்ந்து முழங்காலும் நோக, திருப்புளியை உருவிக் கீல்களின் திருகாணிகளைத் தேடி, அவை யாவும் முப்பூச்சுக்கடியில் முகம் புதைத்திருக்கக் கண்டு திகைத்து நிற்கையில், மேடையில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த சாக்ஸபோன் அவர் காதில் விழுந்தது. இரண்டு நிமிட இசை ஐந்தாம் நிமிடத்தில் கால்வைத்திருந்தது. எந்த இசை எப்போது முடியும் என்று ஏளனம் செய்தாரோ, அந்த இசை, ஐயோ, இப்போது முடிந்துவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கீல்களின் நடுவாணிகளைச் சுத்தியலால் தட்டிக் கழற்றலானார். டக், டக்… டக். ஓசை அரங்கமெங்கும் கேட்டது. மானம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டார். அதே தாளத்தில் சாக்ஸபோன் பதில் சொன்னது! அவர் நிறுத்தினார், அதுவும் காத்திருந்தது. மறுபடி தட்டினார், அது சிரித்தது. ஆறு வாரம் முகம் பாராத இருவரும் கதவுக்கு இருபுறமும் நின்று ஊரறியப் பேசிக்கொண்டார்கள். அறுபது பேரும் காலால் தாளம் போட்டார்கள்.

கடைசி ஆணியும் கழன்றது. கதவு கீச்சிட்டுப் பெயர்ந்து வீரர்மேல் சாய்ந்தது. பின்புறமோ பெட்டிகள் அடுக்கிய குறுகல் சந்து. இறக்கி வைக்க ஒரு சாண் இடமில்லை. முன்னால் மேடை. காதிடுக்கில் பென்சிலும் சட்டையெல்லாம் நீலமுமாய், கதவை முதுகிலேற்றி, மலை நடந்ததென ஒளிவெள்ளத்துக்குள் நடந்தார் தச்சர். பின்னாலேயே பாடகி வந்தாள், வந்தவள் பாடினாள். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

திரை விழுந்ததும் மைத்துனர் ஓடிவந்தார். “அத்தான், நாளைக்கும் அப்படியே தட்டுவீங்களா?”

“நீ ஊது மாப்ளே. நான் தட்டுறேன்.”

அம்மையார் இருகரமும் உயர்த்தி முழங்கினார்: “எல்லாரும் கேட்டுக்கோங்க! இனிமே ஒவ்வொரு காட்சியிலயும் அண்ணன் கதவைத் தூக்கிட்டுத்தான் வர்றாரு!”

எண்டிசையும் வாழ்த்த, எழுவரும் ஆர்ப்பரிக்க, கதவு வென்ற காவலர், தச்சருள் ஏறு, அவ்வாணையைச் சிரமேற்கொண்டு அவையோர்முன் தாழக் குனிந்து வணங்கினார்.

இடுப்பு பிடித்துக்கொண்டது.