குட்டையில் மூன்று விரல், டிரம்மில் ஒரு விரல்

குட்டையில் மூன்று விரல் குறைந்திருந்தது. டிரம்மில் ஒரே ஒரு விரல்தான்.

சகாயராஜ் மறுபடியும் அளந்தார். அளவுகோல் மனசு மாறவில்லை.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சவ்வரிசி மில்லுக்கு அவர்தான் சூப்பர்வைசர். கிழங்கு அரைத்த புளிச்ச தண்ணீரைத் தேக்க அரை ஏக்கரில் குட்டை வெட்டி, அடியிலும் கரையிலும் இரண்டடி கனத்துக்குக் களிமண் போட்டு, ரோலர் விட்டு இறுக்கியதெல்லாம் அவர் பொறுப்பு. அது கசிந்தால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் நாறிப்போகும். அதனால் முதலில் நல்ல தண்ணீரை நிரப்பிச் சோதித்துப் பார்க்க மலர்விழி என்ற இன்ஜினியர் வந்தார். கரையோரம் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டிப் புதைத்து, அதிலும் தண்ணீர் ஊற்றினார்.

"டிரம் ஒழுகாது சார். அதுல குறையறது வெயில் குடிச்சது. குட்டையிலயும் அவ்வளவே குறைஞ்சா பாஸ். அதுக்கு மேல குறைஞ்சா களிமண் வழியா எறங்குதுன்னு அர்த்தம். தெனமும் ரெண்டையும் அளந்து எழுதி வைங்க. ரெண்டு வாரத்துல வாரேன்."

முதலாளி மணியன் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "கசிஞ்சுதுன்னா இந்த சீசனுக்கு மில்லு தொறக்க முடியாதுங்க. அப்புறம் நீங்க சூரமங்கலத்துல ஊட்டோடவே இருந்துக்கலாமுங்க."

வேலையை விட்டுத் தூக்குவதாக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் ஒரு 'ங்க' போட்டுத்தான் தூக்குவார்கள். சகாயராஜ் அன்றைக்கே அளவு எழுத ஒரு நோட்டு வாங்கினார். மகள் ஜெர்லின் காலேஜில் சேரப்போகிற வருஷம்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் நேராகக் கரைக்குப் போவார். டிரம் தரையோடு தரையாகப் புதைந்திருந்ததால் முட்டி போட்டால்தான் அளவு தெரியும். முட்டி போட்டு, சிலுவை அடையாளம் போட்டு, "மாதாவே, நீதான் காப்பாத்தணும்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் குனிந்து பார்ப்பார். வாசல் பெருக்கும் பூவாத்தாள் அந்த ஐந்து நிமிஷமும் துடைப்பத்தை ஓசைப்படாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். சில நாள் டிரம்மில் ஒரு செவ்வரளிப் பூ மிதக்கும். காற்றைத் திட்டிக்கொண்டே அதை எடுத்துப் போடுவார்.

இப்போது ஒரு வாரம் முடிந்து, இரண்டு விரல் வித்தியாசம். மச்சினன் உபகாரசாமிக்குப் போன் போட்டார். அவன் எலக்ட்ரீசியன்.

"இதுக்கா மாமா பயப்படுறீங்க? எர்த் குழிக்குப் போடுற பென்டோனைட் தூள் இருக்கு. களிமண்தான். தண்ணி பட்டா உப்பி, ஓட்டையெல்லாம் அடைச்சிரும். இருபது மூட்டை அனுப்புறேன், தூவி வுடுங்க."

தூவினார். தூள் உப்பியது உண்மைதான். ஆனால் அடிக்குப் போகாமல் மேலேயே கட்டி கட்டியாக நின்று, குட்டை கம்மங்கூழ் மாதிரி ஆகிவிட்டது. மறுநாளும் அளவு இறங்கித்தான் இருந்தது.

வேடிக்கை பார்க்க வந்த எருமைக்காரர் சின்னண்ணன் சிரித்தார். "தூள் மேலயே நின்னா எப்படிங்க சாமி? மிதிச்சு உள்ள எறக்கோணும். நம்ம எருமைகள வுடட்டுங்களா?"

"மிதிச்சா அடைஞ்சிருமா?"

"எருமை மிதிச்ச எடத்துல ஈக்குச்சி எறங்காதுங்க!"

ஆறு எருமைகள் இறங்கின. என்ன ஆச்சரியம்! அளவுகோலில் தண்ணீர் சரசரவென்று ஏறியது. சகாயராஜ் கண் கலங்கி மாதாவுக்கு நன்றி சொன்னார். ஆறு எருமைகள் முக்குளித்தால் எந்தக் குட்டையிலும் அலை எழும்பி அளவுகோலில் ஏறும் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சித்திரை வெயிலில் அப்படியொரு இடம் கிடைத்த எருமைகள் பொழுது சாயும்வரை மேலே வர மறுத்தன. வரும்போது ரோலர் விட்டு இறுக்கிய கரையைக் குளம்பால் பெயர்த்துக்கொண்டு வந்தன.

இனி குழிகளை அடைக்கத் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். மோட்டார் போட்டு எல்லாவற்றையும் இறைத்தார். புதுக் களிமண் ஏற்றிய டிப்பர் வர நான்கு நாள் தாமதமானது. அதற்குள் காய்ந்த அடித்தரை பாளம் பாளமாக வெடித்தது. ஒரு வெடிப்பில் சகாயராஜின் செருப்பு விழுந்தது. கையை முழங்கை வரை விட்டுத்தான் எடுக்க முடிந்தது.

மலர்விழி வந்தபோது குட்டையில் ஒரு சொட்டு இல்லை. மணியன் இடுப்பில் கை வைத்து நின்றார். சகாயராஜ் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "மேடம், என் களிமண்ணு தோத்துப்போச்சு. தப்பு என் மேலதான்."

மலர்விழி நோட்டை வாங்கி முதல் வாரத்தைப் படித்தார். புருவம் சுருங்கியது.

"சார், குட்டையில ஏழு நாளைக்கு மூணு விரல்தானே? இந்த வெயிலுக்கு அவ்வளவு குறையத்தான் செய்யும். உங்க களிமண்ணு ஒரு சொட்டு விட்டிருக்காது."

"அப்ப டிரம்மு?"

"அதான் புரியல. அதுலயும் மூணு விரல் குறைஞ்சிருக்கணும். எப்படி ஒரு விரல்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வறண்டு வெடித்த அரை ஏக்கருக்குப் பக்கத்தில் டிரம்மில் மட்டும் தண்ணீர் பளபளவென்று நின்றது. நடுவில் ஒரு செவ்வரளிப் பூ.

"ஏனுங்க, இந்த டிரம்முல யாராச்சும் கை வச்சீங்களா?" என்று மணியன் கத்தினார்.

துடைப்பத்தோடு ஓடிவந்த பூவாத்தாள் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி தண்ணியில நான் கை வப்பனுங்களா? நம்ம சாரு தெனமும் முட்டி போட்டுக் கும்புடற தண்ணி, வத்திப்போனா வேண்டுதல் பலிக்காதேன்னு, சாயங்காலமானா ஒரு சொம்பு ஊத்திட்டுத்தானுங்க ஊட்டுக்கே போவேன்!"