துரை வண்டிக்கு வைத்த பொட்டு

ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்றை வாசலில் நிறுத்தி வைத்தால், காய்லாங்கடைக்குப் போடச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை நடக்கும். அதையே பத்துப் பதினைந்தாகச் சேர்த்து மேலே தகரக் கொட்டகை போட்டுவிட்டால் அதற்குப் பெயர் மியூசியம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படி ஒரு மியூசியத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அது எப்படி என்று சொல்ல இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனைவி பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டதால் இனி மறைத்துப் பயனில்லை.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். கேளம்பாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கும் ஹேமாவுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலே அறிவாளி என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. (ஊருக்குப் போகும் பஸ்ஸில்கூடக் கழற்றமாட்டேன்.) ஹேமா என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள். அவளுடைய அப்பா சம்மதிக்க வேண்டும்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். அணு ஆராய்ச்சி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சவுக்குத் தோப்பை ஒட்டி வீடு கட்டி, பின்பக்கம் மேற்படி கொட்டகையைப் போட்டிருந்தார். ஏற்கெனவே பெண் பார்க்க வந்த ஒரு பல் டாக்டர், காபி டம்ளரை ஏதோ ஒரு வண்டியின் சீட்டில் வைத்துவிட்டாராம். காபி ஆறுவதற்குள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உள்ள போனதும் கையப் பின்னால கட்டிக்கோ. வெளிய வர்ற வரைக்கும் எடுக்காத" என்று ஹேமா என்னிடம் சொல்லியிருந்தாள். எங்கள் காதலில் அவள் எனக்குச் சொன்ன மிக உருக்கமான வாசகம் அதுதான்.

ஆயுத பூஜை விடுமுறையன்று நானும் அம்மாவும் போனோம். டிராக்டருக்குப் பூஜை போட வேண்டுமென்று அப்பா அச்சரப்பாக்கம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலேயே நின்றுவிட்டார். அம்மா பெண்ணுக்காகப் பூ, பழம், சந்தனம், குங்குமம் என்று தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

ஹேமாவின் அப்பா தட்டையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் தொடக்கூடாது என்று ஒரு அட்டை. கடைசியாக ஒரு பச்சை வண்டி, அதன் டேங்கில் தங்கநிறக் கோடுகள். அதன் முன்னால் வந்ததும் அவருடைய குரல் கர்ப்பக்கிரகத்துக்குள் பேசுவதுபோல் தணிந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரத் துரை லண்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த வண்டியாம். "துரை காலத்துப் பெயிண்டுங்க தம்பி. அதுக்கப்புறம் ஒருத்தரும் பிரஷ்ஷ வெச்சதில்ல. கண்ணால பாக்கோணும், அவ்வளவுதான்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பெயிண்ட்லயே சரித்திரம் தெரியுது சார்" என்றேன். எனக்கு சைக்கிளே ஒழுங்காக ஓட்டத் தெரியாது. அந்தப் பச்சைக்கும் எங்கள் ஊர்ப் பம்புசெட்டுப் பச்சைக்கும் ஆறு வித்தியாசம் சொல்லச் சொன்னால் ஒன்றுகூடச் சொல்லியிருக்கமாட்டேன். ஆனாலும் கண்ணை இடுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன் பாருங்கள், அந்த மூஞ்சியை இப்போது நினைத்தாலும் எனக்கே அறையத் தோன்றுகிறது. அவர் குளிர்ந்துபோய் எங்களைச் சுண்டல் சாப்பிட வீட்டுக்குள் அழைத்தார்.

சுண்டல் பாதியில் அம்மாவைக் காணவில்லை. கை கழுவப் போயிருப்பாள் என்றார்கள். நான் அம்மா கொண்டுவந்த தட்டை எட்டிப் பார்த்தேன். தட்டில் சந்தனக் கிண்ணத்தையும் காணவில்லை.

கொட்டகைக்கு ஓடினேன். வரிசையாக எல்லா வண்டியின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். கடைசி ஆளாகத் துரை வண்டி நின்றது. அதன் டேங்கில் மட்டும் தாராளமாக மூன்று பொட்டு.

"இன்னாம்மா பண்ணிவச்சிருக்க?" என்று கிண்ணத்தோடு நின்ற அம்மாவைப் பிடித்து இழுத்தேன்.

"ஆயுத பூஜையும் அதுவுமா எல்லாம் மூளியா நின்னுகினு கீதுடா. அந்த மனுசனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல" என்றாள் அம்மா, நிதானமாக.

பல் டாக்டர் ஒரு டம்ளருக்கே போய்விட்டார். நான் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். குங்குமம் கரைந்து டேங்க் முழுவதும் பரவி, துரை வண்டி கசாப்புக் கடை மாதிரி ஆகிவிட்டது. அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. அடையாள அட்டை போட்ட அறிவாளி அல்லவா, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, பாலிஷ் என்று முடிவு கட்டினேன். அது பெயிண்ட் தின்னர். குங்குமம் அழகாகப் போயிற்று. கூடவே தங்கக் கோடு போயிற்று. பச்சையும் வழித்துக்கொண்டு வந்தது. பயத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். (அங்கேயாவது நிறுத்தித் தொலைத்திருக்கலாம்.)

பச்சைக்கு அடியில் சிவப்பு இருந்தது. சிவப்பின் மேல் மஞ்சளில், நம் ஊர் சுவரெழுத்துப் பாணியில், கொட்டை எழுத்தில் தமிழ் இருந்தது. கருவாடு.

நிமிர்ந்தால் ஹேமாவின் அப்பா நிற்கிறார். பின்னால் ஹேமா. நான் கையிலிருந்த துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஒருவழியாகக் கை பின்னால் போய்விட்டது. கல்யாணமும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன், அழுகையே வந்தது. அவரோ என்னைத் திட்டவில்லை. டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் பக்தியோடு பார்த்த துரை, கண் முன்னால் மீன் சந்தையில் இறங்கி நடந்துபோனால் மனுஷன் என்ன செய்வார்? பாவமாகத்தான் இருந்தது. அதைவிடச் சிரிப்பு வந்ததுதான் கேவலம்.

"எழுத்து நல்லாத்தான் கீது" என்று அம்மா ஆறுதல் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் படபடவென்று வண்டிகள் வந்து நின்றன. லீவு நாளில் சென்னையிலிருந்து கடலோர ரோட்டில் கிளம்பி வரும் கூட்டம். அந்த வெயிலிலும் தோல் கோட்டு போட்டு வேகிற ஜாதி. துரை வண்டியைத் தரிசிக்கத்தான் வருகிறார்கள் என்று ஹேமா முணுமுணுத்தாள்.

ஹேமாவின் அப்பாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அம்மாவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, மிச்சமிருந்த சந்தனம் மொத்தத்தையும் வழித்து, கருவாட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு அப்பினார். நடுவில் குங்குமத்தை வைத்து, தள்ளி நின்று கும்பிட்டும் விட்டார். வேறு வழியில்லாமல் நானும் ஹேமாவும் கும்பிட்டோம்.

உள்ளே வந்த கோட்டுக்காரர்களில் ஒருவர் பதறிப்போய், ஒரிஜினல் பெயிண்டில் யார் சார் இப்படிச் சந்தனத்தை அப்பியது என்று கேட்டார்.

ஹேமாவின் அப்பா பொட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவைக் கைகாட்டி, "எங்க சம்பந்தியம்மா வெச்சதுங்க. நல்ல நாளு பாருங்க, வேண்டாம்னு சொல்ல முடியுமா" என்றார்.

ஹேமா என் கையைக் கிள்ளினாள். ஊரைக் கூட்டிச் சொன்ன பிறகு அவரால் அந்த வார்த்தையை வாபஸ் வாங்க முடியவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது.

துரை வண்டியின் டேங்கில் இன்றைக்கும் அந்தப் பொட்டு இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் சந்தனத்தைப் புதுப்பிக்க வேண்டும், அந்த உரிமை அம்மாவுக்கு மட்டும்தான். ஆயுத பூஜையன்று கொட்டகை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு என் மாமனார் கப்பல், துரை, லண்டன் என்று ஆரம்பிப்பார். அம்மா கிண்ணத்தோடு கதவருகே வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பாள்: "சம்பந்தி, மொதல்ல கருவாட்டு வண்டிக்கு வச்சிடட்டுமா?"