பீஸ் பீஸாக ஒரு கேமரா

தினேஷ்குமாரின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்த ஜோதிமணி, துணி சுற்றி டேப் ஒட்டிய கனமான பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தாள்.

"ஏங்க, இது என்ன?"

தினேஷ் பாய்ந்து வந்தான். 'இனி ஒரு கேமரா இந்த வீட்டு வாசப்படி ஏறினா, நான் பாகலூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்' என்று பொங்கலன்றே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

ஆனால் அகல ஃபிலிம் போடுகிற அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவில் ஒரு மகா சௌகரியம் உண்டு. லென்ஸ் தனி, ஃபிலிம் பெட்டி தனி, குனிந்து பார்க்கிற மூடி தனி. எல்லாம் கழலும். பாதி ரோலிலேயே கலரைக் கழற்றிவிட்டுக் கறுப்பு வெள்ளை மாட்டலாம் என்று மற்றவர்கள் பெருமையடிப்பார்கள். பெண்டாட்டிக்குத் தெரியாமல் மாசத்துக்கு ஒன்றாக வீட்டுக்குள் கடத்தலாம் என்று கண்டுபிடித்தவன் நம் ஆள்தான்.

"அது கம்பெனி கேஜ். அளவு பார்க்கிறது. பிரிக்காதே, தூசி பட்டா போச்சு!"

"ஐயையோ, கம்பெனிச் சாமானையா தூக்கிட்டு வந்தீங்க? வேலை போயிடுங்க! நாளைக்கே கொண்டுபோய் வச்சிடுங்க."

மறுநாள் அவளே பையில் வைத்து அனுப்பினாள். கம்பெனிக்குள் போகும்போது யாரும் பையைப் பார்ப்பதில்லை. வெளியே வரும்போதுதான் செக்யூரிட்டி முனிசாமி பொட்டலத்தைப் பிரித்தார்.

"கேமரா லென்ஸுண்ணா. என்னுதுதான்."

"அப்படியா? வீட்டுக்குப் போன் போடு, கேட்டுடலாம்."

ஜோதிமணி பதறிப்போனாள். "அண்ணா, கம்பெனி கேஜுன்னு அவரே சொன்னாருங்க. ஏதோ புத்தி கெட்டு எடுத்துட்டாரு, மன்னிச்சு விட்டுடுங்க!"

தினேஷ் தலையில் அடித்துக்கொண்டான். திருட்டுப் பட்டம் கட்டி வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களே! போனைப் பிடுங்கினான். "ஜோதி, பீரோ மேல டேப் ஒட்டின மிக்ஸி டப்பா இருக்கு. அப்படியே தூக்கிட்டு ஆட்டோல வா."

வந்தாள். செக்யூரிட்டி மேஜையிலேயே டப்பாவைப் பிரித்து எல்லாவற்றையும் மளமளவென்று மாட்டினான். முழுக் கேமரா ஒன்று ஜம்மென்று உட்கார்ந்தது. வேலை பிழைத்தது, குடித்தனம் போச்சு என்று மனைவியைப் பார்த்தான். அவள் திட்டவே இல்லை. கேமராவைப் பார்த்து முகம் வெளிறி நின்றாள்.

"சரி, கேமராதான். உன்னுதுன்னு என்ன அத்தாட்சி? எங்கே வாங்கினே?"

"ஜூஜுவாடியில, சமியுல்லா பாய் பழைய சாமான் கடையிலண்ணா."

"அதான் கேமரான்னு தெரிஞ்சிடுச்சே, அவருக்கு எதுக்குண்ணா போனு?" என்று ஜோதிமணி குறுக்கே பாய்ந்தாள்.

முனிசாமி விடவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்.

"ஆமா சார், தினேஷ் தம்பி நம்மகிட்ட வாங்கினதுதான்," என்றார் பாய். "பாகலூர் ஜோதிமணிக்கா, அவங்கப்பா கேமராவைக் கழட்டி மாசத்துக்கு ஒரு பீஸா கொண்டாந்து வித்தாங்க. முழுசா இருந்தா அவங்க வீட்டுக்காரரு கண்ணுல பட்டு, நைஸா தூக்கிட்டுப் போயிடுவாராம்!"